இதுல ஒண்ணு இருக்கு ஆச்சி

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது எட்டுப் பேர். என் வயிற்றில் பிறந்தவர்கள் ஐந்து, நாத்தனார் கண்ணை மூடியபின் என் கைக்கு வந்தவர்கள் இரண்டு, கடைசியாக என் பேத்தி ஜெனி. எட்டுப் பேருக்கும் சோறு ஊட்டியது நான். எட்டுப் பேரையும் பாயில் முழங்கால் போடவைத்து ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவது அதைவிடப் பைய. ஆனால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களை எங்கள் சபையில் பட்டம் வாங்கியவர்கள்கூடச் சொல்ல முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

விசுவாசத்தில் வளர உங்களுக்கு உதவின ஒருத்தரைப் பற்றி எழுதுங்கள் ஆச்சி, சபை மலரில் போடுவோம் என்று ஜெனி கேட்டாள். என் அப்பாவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்த ஒரு பிள்ளை வந்து நின்றாள். போ என்றால் போகவும் இல்லை. சரி, எழுதுகிறேன். பேரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவளுக்கு ஒரு பெருமையாகிவிடும். இருக்கிற பெருமை போதும்.

தென்காசி தனி மாவட்டமான சமயம் அது. மேலகரத்தில் எங்கள் பின்கட்டு காலியாகக் கிடந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையாளம் கலந்து பேசுகிற ஊரிலிருந்து ஒரு மனிதர் மகளைக் கூட்டிக்கொண்டு குடிவந்தார். சாரல் அடிக்கிற சீசன் மாதங்களில் ஐந்தருவியில் கடை போடுவார். பழம், துண்டு, சோப்பு. மற்ற மாதங்களில் சுமை ஆட்டோ ஓட்டுவார். அவர் மனைவிக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மகளுக்குப் பதினாறு வயது, ஒல்லி. எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை, தாடையில் இரண்டு பரு, பள்ளிக்கூட அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்தே வீட்டிலும் திரிவாள். பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற பிள்ளை இல்லை. அதனால்தான் ஆரம்பத்தில் நான் கவனிக்காமல் விட்டேன்.

அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம். செருப்பு அறுந்தால் ஒரு பாடம், பரீட்சைக்குப் பேனா எழுதாவிட்டால் ஒரு பாடம். முதலில் கண்ணைச் சுருக்குவாள். பிறகு, "இதுல ஒண்ணு இருக்கு ஆச்சி" என்பாள். அந்த ஒண்ணு ஆண்டவரிடம் போய் முடியும். நாங்கள் எல்லாம் வேதத்தைத் திறந்து ஆண்டவரைத் தேடினோம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து தேடினாள். கிடைத்தும் தொலைத்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். தெருவில் உள்ள சபைப் பெண்கள் வருவார்கள், இவளும் வந்து உட்காருவாள். ஜெபிப்பது நான். என் புருஷன் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஒருநாள் எதிர்வீட்டுச் செல்வம் அம்மா வந்து ஓவென்று அழுதாள். மகன் குடியை நிறுத்தியிருந்தான், நாலு நாள் நல்லபடியாக இருந்தான், அன்றைக்கு மறுபடியும் குடித்துவிட்டு வந்து கிடக்கிறான். நான் அவள் தலையில் கை வைத்து, குரலை உயர்த்தி, வெகுநேரம் ஜெபித்தேன். எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அவள் அழுகை நிற்கவில்லை.

வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த இவள் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, கணக்குப் பரீட்சையில விடை தப்பாப் போனாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. அண்ணன் நாலு நாள் குடிக்காம இருந்துச்சுல்லா, அது ஸ்டெப்பு. ஆண்டவர் அதை அடிச்சுவிட மாட்டாரு."

செல்வம் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்படியாட்டி?"

"ஆமா அத்தை. நான் பத்தாவது பாஸானதே அப்படித்தான்."

சிரித்துவிட்டாள் அந்த அழுமூஞ்சி. எனக்குச் சுருக்கென்றது. "ஆண்டவர் என்ன கணக்கு டீச்சராட்டி?" என்று கேட்டேன்.

"ஆமா ஆச்சி. நல்ல டீச்சரு."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். என் ஜெபத்துக்குச் சொன்ன ஸ்தோத்திரத்தைவிட அது சத்தமாக இருந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அதற்குப் பிறகு கூட்டம் முடிந்ததும் பெண்கள் என் பக்கத்தில் நிற்காமல் அவளைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். "இந்த வாரம் என்னத்தட்டி கண்டுபிடிச்ச?" என்று கேட்பார்கள். என்னமோ சீட்டுக் குலுக்கியது யாருக்கு விழுந்தது என்று கேட்பது மாதிரி.

எனக்கு மட்டும் கண்டுபிடிக்கத் தெரியாதா? அந்த வாரம் முழுக்க அடுப்படியில் தேடினேன். மிக்ஸி அகப்பட்டது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "மிக்ஸி ஜாரில் அளவுக்கு மேல் தேங்காயைப் போட்டால் என்ன ஆகும்? சட்டென்று நின்றுபோகும். அதுபோல நாமும் உலகக் கவலையை அளவுக்கு மேல்..." அதற்கு மேல் ஓடவில்லை. நின்றுபோன மிக்ஸியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆண்டவரை எங்கே கொண்டு வருவது? பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடியில ஒரு சிவப்பு பட்டன் இருக்கும்லா ஆச்சி" என்று வாசல் பக்கமிருந்து சத்தம் வந்தது. "அதைத்தான சொல்ல வாறீங்க? மிக்ஸியைக் கவிழ்த்துப் பாத்தாத்தான் அது தெரியும். அமுக்கினா மறுபடி ஓடும். நம்மளையும் சில சமயம் அவரு கவுத்திப்போடுதது அதுக்குத்தான், என்ன ஆச்சி?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன்.

வீட்டு மிக்ஸியில் அப்படி ஒரு பட்டன் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லாரும் போனபின் கவிழ்த்துப் பார்த்தேன். இருந்தது.

ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் கடைசி மகளின் மகள். இந்தப் பிள்ளை குடிவருவதற்கு முந்தின வருஷம் என் மகள் புற்றுநோயில் போய்விட்டாள். மருமகனுக்குச் சென்னையில் வேலை. வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியாக வைத்துப் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து விட்டார். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாங்கள் பண்ணாத ஜெபம் இல்லை. உபவாசம் இருந்தோம். நான்தான் முன்னால் நின்றேன். பிழைத்துக்கொள்வாள் என்று ஜெனியிடம் உறுதியாகச் சொன்னதும் நான்தான்.

இங்கே வந்த புதிதில் ஜெனி ஒன்றே ஒன்று கேட்டாள். "எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணினீங்கள்ல ஆச்சி. கேட்டாரா?"

நான் ஒரு வசனம் சொன்னேன். மறுபடி ஒருநாள் கேட்டாள். வேறு வசனம் சொன்னேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. பதில் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். கூட்டம் நடக்கும்போது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்பாள். அடுத்த வருஷம் திடப்படுத்தல் வரப்போகிறது, இந்தப் பிள்ளையை எப்படிக் கொண்டு நிறுத்துவேன் என்பதுதான் எனக்கு ராப்பகலாகக் கவலை.

திடப்படுத்தல் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கும்போது பிள்ளைக்குப் பதிலாகப் பெரியவர்கள் விசுவாசத்தைச் சொல்வார்கள். பிள்ளை வளர்ந்து விவரம் தெரிந்தபின், இனி நானே சொல்லுகிறேன் என்று சபைக்கு முன்னால் வந்து முழங்கால் போட வேண்டும். பேராயர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டிருப்பார்கள். நான் வளர்த்ததில் பெண்கள் எல்லாருக்கும் அந்தச் சேலையைக் கட்டிவிட்டது என் கை. வேறு யாரையும் தொடவிட்டதில்லை. மிச்சம் இருந்தவள் ஜெனி ஒருத்திதான். அவளுக்கென்று அவள் அம்மா திடப்படுத்தலுக்குக் கட்டிய சேலையையே பெட்டியில் வைத்திருந்தேன்.

பின்கட்டுப் பிள்ளையும் ஜெனியும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. காலையில் தென்காசிக்கு ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள். ஜெனி ஆரம்பத்தில் அவளோடு பேசவே மாட்டாள். ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். எப்படியோ பின்கட்டுப் பிள்ளைக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்ததுதான் தெரியும், நிற்கிற பிள்ளைகள் எல்லாம் தங்கள் புத்தகப் பையை அவள் மடியில் வைத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசியில் அவள் முகமே தெரியவில்லை. பைகளுக்குப் பின்னாலிருந்து சடை மட்டும் ஆடியது.

கண்டக்டர் சிரித்தார். "ஏ பாப்பா, உனக்கு லக்கேஜ் டிக்கெட்டுதான் போடணும் போலிருக்கே."

"போடுங்கண்ணாச்சி. பையைத் தந்தவுககிட்ட வாங்கிக்கிடுங்க."

எனக்குப் பக்கத்துச் சீட்டு. "இத்தனையையும் வாங்கி வச்சுக்கிட்டு மூச்சு முட்டிச் சாகவாட்டி? முடியாதுன்னு சொல்லத் தெரியாதா?" என்றேன்.

பைகளுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இதுல ஒண்ணு இருக்கு ஆச்சி. சீட்டு கிடைச்சவளுக்கு அது கிடைச்சதே பை வாங்கத்தான்."

ஜெனி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அதுவரை தோளிலேயே மாட்டியிருந்த தன் பையைக் கழற்றி, அந்தக் குவியலின் மேல் வைத்தாள். நான் பார்த்தேன். என் மடியில் இடம் இருந்தது. என்னிடம் தரவில்லை.

பிறகு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்தாள். வந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெனி யாரோ ஒரு சிநேகிதி போனில் பதில் போடவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டால் இரண்டு நீல டிக் விழுமாம், விழுந்தும் பதில் இல்லையாம்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம் ஆவுது."

"பத்து நிமிஷத்துக்கே இந்தக் கோவமா மோளே? ஆண்டவர் அனுப்புததை எல்லாம் நீ பாத்துட்டு எத்தனை மாசமாப் பதில் போடாம இருக்க? அங்க அவரு என்ன பாடு படுதாரோ!"

ஜெனிக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, சோறு மூக்கில் வந்துவிட்டது. அவள் தலையைத் தட்டியவள் இவள். தண்ணீர் எடுக்கப் போன நான் டம்ளரோடு நின்றேன். என் மகள் போனபின் அந்த வீட்டில் ஜெனி சிரித்தது அதுதான் முதல். நீல டிக் என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவும் இல்லை.

அதற்காக நான் அவளோடு சண்டை போட்டேனா? இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். குழம்புக் கிண்ணத்தை வெறுமனே கழுவித் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் கிண்ணத்தை வெறுமனே கொடுக்க மாட்டார்கள், ஏதாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். மறுநாள் பின்வாசல் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இந்தப் பருவுல ஒண்ணு இருக்கு ஆச்சி. கோவம் மாதிரி. கிள்ளக் கிள்ளப் பெரிசாவுது. விட்டுட்டா அதுவாப் போயிரும்."

என்னைத்தான் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா, பருவையேதான் சொன்னாளா? இன்றுவரை தெரியாது. அப்படிப் பேசத் தெரிவதும் ஒரு கொடுப்பினை.

இனிச் சொல்லப்போவது எனக்கு லேசில்லை. ஒரு சனிக்கிழமை, மத்தியானம். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பின்கட்டுத் துவைக்கிற கல் தெரியும். அவள் உட்கார்ந்து யூனிபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். ஜெனி கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னிடம் கேட்பதை நிறுத்திய அதே கேள்வியை அவளிடம் கேட்டாள். அத்தனை பேர் ஜெபம் பண்ணினாங்களே, ஏன் அம்மாவைக் காப்பாத்தல?

இப்போது என்ன சொல்லப்போகிறாள் பார்ப்போம் என்று கையை அரிசியில் வைத்தபடியே நின்றேன். சோப்பு நுரையைக் காட்டி ஏதாவது சொல்லட்டும், போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அவள் துவைப்பதை நிறுத்தினாள். "தெரியல மோளே" என்றாள். "எனக்குத் தெரிஞ்சா உனக்குச் சொல்லமாட்டேனா?"

அவ்வளவுதான். ஜெனி அப்படியே சரிந்து, நனைந்துகிடந்த அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட அந்தப் பிள்ளை அழவில்லை, மரம்போல நின்றாள். எல்லாம் அன்றைக்கு வந்தது. அவள் சோப்புக் கையை ஜெனி மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தாடையை ஜெனியின் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

செத்துப்போனது என் மகள். அழுதது என் பேத்தி. அந்தக் கண்ணீர் என் மடிக்கு வரவேண்டியது. வளர்த்த எட்டுப் பேரும் எதற்கு அழுதாலும் என்னிடம்தான் வந்து அழுதார்கள். இது மட்டும் ஒரு வாடகைக்காரப் பெண்ணின் மடிக்குப் போனது. அதுவும் எதற்காக? தெரியல என்று சொன்னதற்காக. அந்த வார்த்தை எனக்கும்தான் தெரியும். எழுபது வயது தாண்டியும் நான் அதை வாயில் எடுத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெனி உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து கூட்டத்தில் உட்கார்ந்தாள். வாசல் ஓரம், அவள் பக்கத்தில்.

மறுவருஷம் திடப்படுத்தல் வகுப்பு ஆரம்பித்தது. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயரே ஞாயிறு மத்தியானம் வகுப்பு எடுப்பார். இருவரும் பேர் கொடுத்தார்கள். நான் பெட்டியிலிருந்து சேலையை எடுத்து வெயிலில் காயப்போட்டேன். அதற்குள் சாரல் வந்துவிட்டது. சீசன். ஐந்தருவிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். அவள் அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. வருஷத்துச் சாப்பாடு அந்த மழை மாதங்களில்தான். அவள் வகுப்புக்கு வர முடியவில்லை. தொடர்ந்து வராத பிள்ளைகள் அடுத்த தடவைதான் என்பது சபை வைத்திருக்கிற முறை. ஐயர் தன்மையாகச் சொல்லித்தான் அவள் பேரை எடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எழுத என்ன வெட்கம்? குளிர்ந்தது. ஆனால் அன்று சாயங்காலமே ஜெனி வந்து, "அவ இல்லாம நான் போகமாட்டேன்" என்றாள்.

"அவளுக்கு அடுத்த வருஷம் ஆவும்ட்டி."

"அப்ப எனக்கும் அடுத்த வருஷம்."

"பேராயர் அடுத்து எப்ப வருவாரோ! அதுவரைக்கும் நான் இருக்கணும்லா?"

"அம்மா போனப்புறம் எனக்காக யாரு வந்தாங்க ஆச்சி? அவதானே வந்தா."

அப்போ நான் யாருட்டி என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

வசனம் சொல்லிப் பார்த்தேன், மருமகனை விட்டுப் பேசச் சொன்னேன், சோறு உண்ணாமல் இருந்து பார்த்தேன். ஜெனி அசையவில்லை. கடைசியில் அவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு நாள், ஒருவருக்கும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்கு பஸ் ஏறினேன். பின்கட்டுப் பிள்ளை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடையில்தான் இருந்தாள்.

அருவிச் சத்தத்தில் காது அடைத்தது. ஈரத் தலையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். பஜ்ஜிக் கடை எண்ணெய்ப் புகை சாரலோடு சேர்ந்து மேலே போகாமல் தரையிலேயே சுற்றியது. தார்பாய்க்குக் கீழே மங்குஸ்தான் குவியலுக்குப் பின்னால் அவள் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, துண்டு வேணுமா துண்டு! அக்கா, பழம் பாத்துட்டுப் போங்க!" பின்னால் கயிற்றில் வரிசையாகப் பைகள் தொங்கின. குளிக்கப் போகிறவர்கள் காய்ந்த துணியையும் போனையும் அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்களாம். இங்கேயும் ஊரார் மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"ஆச்சி! குளிக்க வந்தீங்களா?"

"இந்த வயசுல குளிக்க வருவாகளாக்கும்! ஒரு விஷயமா வந்தேன்."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது? "ஜெனி திடப்படுத்தலுக்குப் போகமாட்டேங்குதா" என்றேன். "நீ இல்லாம முழங்கால் போடமாட்டாளாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நீ சொன்னாக் கேப்பா" என்றேன். அந்த வார்த்தைகளை என் வாயிலிருந்து எடுக்க நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அவள் ஒரு பழத்தை எடுத்துத் துடைத்துக் குவியலில் வைத்தாள். மறுபடி அதே பழத்தை எடுத்துத் துடைத்தாள். கண்ணைச் சுருக்குவாள், இதோ வரப்போகிறது என்று பார்த்தேன். வரவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை.

"என்னட்டி, எல்லாத்துலயும் ஒண்ணு கண்டுபிடிப்பியே. இதுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல ஆச்சி" என்றாள். "நானும் தேடிப் பாத்துட்டேன். இதுல ஒண்ணும் இல்ல. எனக்கும் வெள்ளைச் சேலை கட்டணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து ஒரு பொம்பிளை பல் தந்தியடிக்க வந்து நின்றாள். "பாப்பா, என் பை." இவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு எழுந்து, பையை எடுத்துக் கொடுத்தாள். "அக்கா, கொலுசு உள்ள இருக்கு, பாத்துக்கிடுங்க."

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "ஜெனிகிட்ட நான் சொல்லுதேன் ஆச்சி. அவ போவா. நீங்க இங்க வந்ததைச் சொல்லமாட்டேன்."

சொல்லாதே என்று நான் கேட்கவே இல்லை.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு பை மங்குஸ்தானைக் கையில் திணித்து அனுப்பினாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏது என்று ஜெனி கேட்பாளே. பஸ்ஸில் வரும்போதே அத்தனையையும் உரித்துத் தின்று தீர்த்தேன். மங்குஸ்தான் தோலின் கறை லேசில் போகாது என்பது அப்போது நினைவில்லை. "கை என்ன ஆச்சி செவப்பா இருக்கு?" என்று ஜெனி கேட்டாள்.

"பீட்ரூட்டு."

"நம்ம வீட்ல பீட்ரூட்டே இல்லையே."

"தீந்துபோச்சு" என்றேன்.

அவள் என்ன சொன்னாளோ தெரியாது, ஜெனி மறுநாளே சரி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் குளித்துத் தயாராகி, சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனி குளித்துவிட்டு வந்தாள். பின்வாசலைப் பார்த்து, "ஏட்டி, வா" என்று கூப்பிட்டாள். அவள் வந்தாள், கடைக்குப் போகிற பழைய சுடிதாரில். என் மடியிலிருந்த சேலையை ஜெனிதான் எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு, முழங்கால் போட்டு, ஜெனிக்குக் கொசுவம் மடித்தாள். என் மகள் சேலை. ஒவ்வொரு மடிப்பும் ஒரே அளவில் விழுந்தது. நான் மடித்திருந்தாலும் அப்படி விழுந்திருக்காது, என் விரல் நடுக்கத்துக்கு. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தோளில் ஊக்குக் குத்தினாள். முக்காட்டுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். வாயிலிருந்து கடைசி ஊக்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"முக்காடு நீங்க போடுங்க ஆச்சி."

போட்டேன். ஆனால் இதைக் கேளுங்கள். அவள் எடுத்துக்கொண்டது எனக்கு வலித்தது, கொடுத்தது அதைவிட வலித்தது. என் வீட்டில், என் மகளின் சேலையில், என் பங்கை எனக்கு அவள் கொடுத்தாள். கொடுக்கிற இடத்தில் அவள் இருந்தாள். வாங்குகிற இடத்தில் நான் இருந்தேன்.

அவள் ஆராதனைக்கு நிற்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆச்சி, அப்பா தனியா இருப்பாவ" என்று ஓடிவிட்டாள். ஜெனி சபைக்கு முன்னால் முழங்கால் போட்டாள். பேராயர் கை வைத்தார். எழுந்து திரும்பியபோது அவள் கண் வாசல் பக்கம் போய், பின்வரிசையெல்லாம் தேடிவிட்டு, அதற்குப் பிறகுதான் என்மேல் வந்து நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். ஆனால் முதலில் என்னைத் தேடவில்லை.

சீசன் முடிந்ததும் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கமே போய்விட்டார்கள். இப்போது அவள் நர்சாம், கேரளாவில். திடப்படுத்தலும் அங்கே ஒரு சபையில் நடந்ததாம். சேலை கட்டிவிட யார் இருந்தார்களோ, நான் கேட்கவில்லை. ஜெனி படிப்பை முடித்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். அவள் சொல்லிக்கொடுப்பதில் பாதி அந்தப் பிள்ளையின் சரக்கு என்று எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் இரண்டு பேரும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எனக்கு வயிறு இன்றும் எரிகிறது. எரிந்துகொண்டே ஜெபத்தில் அவள் பேரைச் சொல்கிறேன். எழுதத்தான் மாட்டேன், அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். ஏட்டி ஜெனி, அந்தக் கம்ப்யூட்டரை மூடிவிட்டு இங்கன வா. நான் எழுதினதை எனக்கே கூட்டி வாசிக்க முடியவில்லை, நீ வாசித்துக் காட்டு. நான் அருவிக்குப் போன கதை உனக்கு இப்போதுதான் தெரியும். அதற்காக நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்காதே. உன் அம்மா வருகிற இடத்தில் பைய வாசி. அந்தப் பிள்ளை வருகிற இடத்தில் குரலை உயர்த்தாதே, கொஞ்சம் வேகமாகவே தாண்டிவிடு. ம், ஆரம்பி. என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வாசி.